அத்தையின் அமெரிக்க மரங்கள்

உங்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். மாடிப்படி ஏறும்போது கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிற வயது. இந்த வயதில் நமக்கென்று சில பயங்கள் இருக்கின்றன. பாத்ரூமின் ஈரத்தரை, டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கும் ரிப்போர்ட், பிள்ளைகள் எடுக்காத போன். அவற்றைப் பேசிப் பேசி நமக்கே அலுத்துவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு. எட்டு வயதில், காக்ஸ் டவுனில், ஒரு குளிர்காலம் முழுவதும் நான் பயந்து நடுங்கிய கதை. காரணம் பேயும் இல்லை, பிள்ளை பிடிக்கிறவனும் இல்லை. அமெரிக்கக் கவிதை.

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கே பாதி சிரிப்புதான். ஆனால் அந்த நாட்களில் வெயில் சாயத் தொடங்கினாலே ஓடிப்போய்க் கக்கூசில் உட்கார்ந்துகொள்வேன். வீட்டில் எனக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள்.

எங்கள் வீடு வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கண்டோன்மென்ட் காலத்து ஓட்டு வீடு. ஜன்னலுக்கு மேலே மரச்சட்டங்களைக் கூம்பாக அடித்து வைத்திருப்பார்கள், மங்கி டாப் என்போமே, அந்த மாதிரி. எந்தத் துரையோ குடும்பத்தோடு இருந்த வீட்டுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி மூன்று போர்ஷன் ஆக்கியிருந்தார்கள். எங்களுடையது மேற்குக் கோடியில் இருந்தது. ஒரு பெரிய ஹால், இரண்டு அறைகள், புகை படிந்த சமையலறை. காம்பவுண்டில் இரண்டு சில்வர் ஓக் மரங்கள், ஒரு கொய்யா. ஓட்டிலிருந்து சொட்டும் ஈரம், மண்ணெண்ணெய் ஸ்டவ், நீலகிரித் தைலம், இந்த மூன்று வாசனையும் சேர்ந்ததுதான் எனக்குக் காக்ஸ் டவுன். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது. அதற்கு ஒரு மரத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அப்பா விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் பிடித்துப் போய் விளக்கு வைத்த பிறகு வருவார். அம்மா தங்கவயல்காரி. அவளுடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சில் கல் தூசி அடைத்து, இருமி இருமியே போனவர். எங்களோடு அத்தையும் இருந்தார். அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர், ஒரு பெண்கள் கல்லூரியில் இங்கிலீஷ் லெக்சரர். தெருவில் அவர் குடையை விரித்தால் பையன்கள் கோலி விளையாட்டை நிறுத்துவார்கள்.

அத்தைக்கு இரண்டு வகுப்புகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டு ஹாலில் எங்களுக்கு ஞானோபதேசம், அதாவது வேதபாடம். எங்களுக்கு என்றால், அந்த வருஷம் புது நன்மை வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு. கத்தோலிக்கர் அல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: கோயிலில் முதல் முறையாக நற்கருணை வாங்குவதைத்தான் புது நன்மை என்போம். அதற்கு மாதக்கணக்கில் பாடம் படித்து, பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்து, வெள்ளைக் கவுன் போட்டு, மெழுகுதிரி பிடித்துப் போக வேண்டும். வார நாட்களில் சாயங்காலம் அதே ஹாலில், அதே நாற்காலியில், அதே மர ஸ்கேலை மேஜையில் தட்டிக்கொண்டு இன்னொரு வகுப்பு. அது பி.ஏ. பெண்களுக்கான டியூஷன். எல்லாரும் அமெரிக்க இலக்கியப் பேப்பரில் கோட்டைவிட்டவர்கள்.

அத்தைக்கு ஞானோபதேசம் கற்றுக்கொடுத்துப் பழகிய வாய். கேள்வி ஒன்று, பதில் ஒன்று, பதில் முழு வாக்கியமாக இருக்க வேண்டும், எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, "புறா எதைக் குறிக்கிறது?" என்பார். "புறா பரிசுத்த ஆவியைக் குறிக்கிறது" என்று கத்துவோம். திங்கட்கிழமை, அதே ஸ்கேல், அதே குரல். "மறையும் சூரியன் எதைக் குறிக்கிறது?" முதலில் இங்கிலீஷில் கேட்பார், புரியாதவர்களுக்காகத் தமிழில் ஒரு தடவை. "மறையும் சூரியன் மரணத்தைக் குறிக்கிறது, மிஸ்." உதிரும் இலை மரணத்தைக் குறித்தது. கூட்டை விட்டுப் போகும் பறவை மரணத்தைக் குறித்தது. கடலில் சேரும் ஆறு, உறைந்துபோன குளம், அறுத்துப் போட்ட வயல், இரவில் கூவும் பறவை, எல்லாம் மரணம். எப்போதாவது ஒரு மொட்டு வந்து மறுபிறப்பைக் குறிக்கும். அடுத்த கேள்வியில் அதுவும் வாடிவிடும்.

நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்லேட்டில் கணக்குப் போட வேண்டும், டியூஷனில் காது வைக்கக் கூடாது என்பது உத்தரவு. காதுக்கு மூடி உண்டா?

இதோடு போயிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அமெரிக்காவில் மரத்தைப் பார்த்தாலே சாவு போலிருக்கிறது, பாவம், என்று நினைத்துக்கொண்டு விட்டிருப்பேன். ஆனால் அத்தைக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. அந்தப் பெண்கள் அந்த நாட்டு மரத்தையோ குளிரையோ கண்டவர்கள் இல்லை. அத்தையும் கண்டதில்லை. ஆகவே அவர் ஸ்கேலை நீட்டி வெளியே காட்டுவார். "அதோ அந்த சில்வர் ஓக்கைப் பாருங்க. இலை விழுதா? அந்த மரந்தான் இந்தக் கவிதையில வர்ற மரம்னு வெச்சுக்கோங்க. அந்த மேற்கு ரூம் ஜன்னல் வழியா சூரியன் இறங்குது பாருங்க. அதான் கடைசி ஸ்டான்ஸா." பெண்கள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நானும் பார்ப்பேன். அப்படி ஒவ்வொன்றாக அமெரிக்கா எங்கள் காம்பவுண்டுக்குள் வந்து இறங்கியது.

டியூஷன் பெண்களில் ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அக்கா இருந்தாள். இரண்டு தடவை பெயிலானவள், அதனால் யாருக்கும் பயப்படாதவள். எனக்குப் பெப்பர்மின்ட் கொண்டுவருவாள். ஒருநாள் செருப்பு மாட்டும்போது என்னிடம் குனிந்து, "பாப்பா, நீ பெரிசாகி இந்தப் பேப்பர் எழுதினா ஞாபகம் வெச்சுக்கோ. எதுவும் தெரியலன்னா டெத்துன்னு எழுதிடு. பாஸ் ஆயிடுவ" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ஏன் இதையெல்லாம் நம்பினாய் என்று கேட்பீர்கள். நம்பாமல் எப்படி இருப்பேன்? ஒருநாள் ஓட்டுக்கு அடியில் கூகை ஒன்று வந்து குடியேறியது. பக்கத்துப் போர்ஷன் அம்மாள் வந்து, கூகை அலறினால் வீட்டில் சாவு விழும், துரத்திவிடுங்கள் என்றார். அத்தை நிமிர்ந்து நின்று, "நாங்க வேதக்காரங்க. இந்த மூடநம்பிக்கையெல்லாம் எங்களுக்குக் கிடையாது" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. மறுநாளே டியூஷனில் இரவுப் பறவை எதைக் குறிக்கிறது என்று கேட்டு, பதிலைப் பலமுறை சொல்லவைத்தார். எட்டு வயது மூளைக்கு அதில் குழப்பமே இல்லை. பக்கத்துப் போர்ஷன் அம்மாள் சொன்னால் மூடநம்பிக்கை. அத்தை சொன்னால் பாடம், பரீட்சைக்கு வரும், அதனால் உண்மை.

அந்தச் சமயத்தில்தான் அம்மா இருமத் தொடங்கினாள்.

முதலில் சளி என்றார்கள். பிறகு நெஞ்சுச் சளி என்றார்கள். பிறகு எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். அது டி.பி. என்று எனக்குத் தெரிந்தது நான் பெரிய வகுப்புக்குப் போன பிறகுதான். அந்தக் காலத்தில் அந்த வார்த்தையை வீட்டுக்குள் உச்சரிக்க மாட்டார்கள், உச்சரித்தால் குடித்தனக்காரர்கள் காதில் விழும், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார் என்ற பயம். ஊசி போட ஒரு கம்பவுண்டர் சைக்கிளில் வந்து போனார். அம்மாவுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சொம்பு தனியாக வைத்தார்கள். அத்தை அவற்றை ஒரு பழைய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைப்பார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. குழந்தைக்குத் தெரிய வேண்டாம் என்பது அவர்களுடைய கருணை.

வெயிலும் காற்றும் படும் அறையில் படுக்கவையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பாவும் அத்தையும் சேர்ந்து அம்மாவின் கட்டிலைத் தூக்கி மேற்கு அறையில், ஜன்னலை ஒட்டிப் போட்டார்கள். நான் பள்ளியிலிருந்து வந்து அதைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக். மேலே கூகை. சாயங்கால வெயில் சிவப்பாக அம்மாவின் போர்வை மேல் விழுந்து கிடந்தது. அத்தை ஸ்கேலால் காட்டிய கவிதை முழுவதும் அங்கே இருந்தது, நடுவில் என் அம்மா படுத்திருந்தாள். அம்மா சாகப்போகிறாள், இவர்கள் எல்லாருக்கும் அது தெரியும், தெரிந்துதான் கொண்டுபோய் அங்கே போட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து என் வேலை ஒன்றே ஒன்றுதான். சூரியன் இறங்குவதற்குள் அந்த ஜன்னலை மூடிவிட வேண்டும்.

பள்ளி விட்டதும் மூச்சிரைக்க ஓடிவருவேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டேன், பார்த்தால் அழுகை வந்துவிடும். நேராக ஜன்னலுக்குப் போய்க் கதவுகளை இழுத்துக் கொக்கி போடுவேன். "தொறந்து வையி கண்ணு, காத்து வேணும் எனக்கு" என்பாள். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வெளியே ஓடிவிடுவேன். அத்தை வந்து திறப்பார். அவர் நகர்ந்ததும் மறுபடி போய் மூடுவேன். ஒருநாள் ஸ்கேலால் என் புறங்கையில் ஒன்று வைத்தார். "வியாதிக்காரிக்குக் காத்து வரக் கூடாதுன்னு யார் உனக்குச் சொன்னது?" டியூஷனைக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய காரணம், நினைத்ததை வாய்விட்டுச் சொன்னால் அது நடந்துவிடும் என்று இருந்தது. இந்தப் பயம் நமக்கு இந்த வயதிலும் போகவில்லை, இல்லையா?

இரவில் தூங்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா இருமுவது கேட்கும். இருமல் கேட்டால் பயம், நின்றுவிட்டால் அதைவிடப் பயம்.

அப்பா ஒருநாள் வேலை முடிந்து ரஸ்ஸல் மார்க்கெட் வழியாக வந்தார். பூ வாங்கிவந்திருந்தார். வெள்ளைச் செவந்தி, நீளக் காம்போடு, ஈரத் துணியில் சுற்றி. அப்பா அம்மாவுக்குப் பூ வாங்கிவந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அம்மா அவற்றை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினாள், பிறகு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைத்தாள். அந்த வாரம் டியூஷனில் வாடும் மலர் நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாளில் செவந்தி ஓரத்தில் பழுப்படிக்கத் தொடங்கியது. அம்மா கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து உள்ளே போனேன். வெறும் கையால் தொடப் பயமாக இருந்தது. ஒரு பழைய நியூஸ்பேப்பரைக் கிழித்து, அதனால் காம்புகளைப் பிடித்து, உடம்பிலிருந்து எட்ட வைத்துக்கொண்டு, காம்பவுண்ட் சாக்கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், எரியும்வரை கழுவினேன். நிமிர்ந்தபோது அம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் திட்டவில்லை. அத்தையிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். அத்தை என்னைக் கூப்பிட்டு, "இனிமே நீ அம்மா ரூமுக்குள்ள போக வேணாம். வாசப்படியில நின்னு பேசு. அம்மாவே சொல்லிட்டாங்க" என்றார். எனக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். போகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விடைபெறுவார்கள் என்று டியூஷனில் எங்கோ வந்திருந்தது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு வர முடியாத அம்மாவுக்குப் பங்குச் சாமியார் வீட்டுக்கே நன்மை கொண்டுவந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூல், அதன்மேல் வெள்ளைத் துணி, சிலுவையோடு பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி. சாகக் கிடக்கிறவர்களுக்கும் இப்படித்தான் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஞானோபதேசத்தில் படித்திருந்தேன். ஹாலில் எல்லாரும் முழங்காலில் இருக்க, எனக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. குளிர் என்று நினைத்து அப்பா தன் சால்வையை எடுத்து என்மேல் போட்டார்.

கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். முதல் பாவசங்கீர்த்தனம் வந்தது. மரக்கூண்டு போன்ற தொட்டிக்குள் சாமியார், வலைக்கு இந்தப் பக்கம் நான். பொய் சொன்னது, கொய்யா திருடியது எல்லாம் ஒப்பித்துவிட்டு, "சாமி, அத்தை சொல்லிக்கொடுக்கறதெல்லாம் உண்மைதானா?" என்றேன். எந்த அத்தை என்றார். சொன்னேன். கோயிலில் ஞானோபதேசத்துக்கு அத்தைதான் தலைமை, சாமியாருக்கே அவரிடம் கொஞ்சம் பயம். "உங்க அத்தை சொன்னா எழுத்துக்கு எழுத்து உண்மை, மகளே. சந்தேகப்படறது பாவம். வேற என்ன பாவம் பண்ணின?" என்றார். எனக்கிருந்த கடைசிக் கதவும் அப்படி மூடிக்கொண்டது.

என் வெள்ளைக் கவுனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருமல் வருவதற்கு முன்பே அம்மா அதைத் தைத்து முடித்திருந்தாள். சாட்டின் துணி கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கியது. கழுத்திலும் கையிலும் வைத்த லேஸ் அவளுடைய கல்யாண முக்காட்டிலிருந்து வெட்டியது. மெஷினில் உட்கார்ந்து அவள் அதைத் திருப்பித் திருப்பித் தைத்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து பாபின்களை உருட்டிக்கொண்டிருந்தேன். "இத போட்டுக்கினு நீ நடந்து வரத நான் பாக்கணும், அவ்ளோதான் எனக்கு" என்றாள். படுக்கையில் கிடந்த மாதங்களில் அவள் கேட்டதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை வாரம் என்பதுதான்.

அதற்கு முந்தின வாரம் டியூஷனில் ஒரு பனிக்காலக் கவிதை. "வெண்மை எதைக் குறிக்கிறது?" பெண்கள் பதில் சொன்னார்கள், உங்களுக்கே தெரியும் என்ன பதில் என்று. ஆஸ்டின் டவுன் அக்கா மட்டும், "மிஸ், வெள்ளைன்னா ப்யூரிட்டி இல்லியா? கோயில்ல அப்படித்தானே?" என்றாள். பின்னால் இருந்த நான் காதைக் கதவோடு ஒட்டிக்கொண்டேன். அத்தை யோசித்துவிட்டு, "ரெண்டும்தான். ரெண்டையும் எழுதினா ரெண்டு மார்க்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. மெழுகுப் பூக் கிரீடம் நெற்றியில் அழுத்தியதும், மெழுகு விரலில் சொட்டியதும் மட்டும் நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்தோம். ஹாலில் பிளம் கேக், டீ, காம்பவுண்டுக்காரர்கள் எல்லாரும். எங்களுக்குள் ஒரு வழக்கம்: நன்மை வாங்கிய பிள்ளை முதலில் தாய் தகப்பனிடம் போய் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும், அவர்கள் நெற்றியில் சிலுவை போடுவார்கள். அத்தை என் கையைப் பிடித்து மேற்கு அறை வாசலுக்குக் கூட்டிப்போனார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வியாதி வந்த பிறகு கட்டாத நீலப் பட்டுப் புடவை கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, தலை வாரி. நெற்றியை ஒரு தடவை தொட்டுச் சிலுவை போடலாம் என்று டாக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கிவைத்திருந்தாளாம். கையை மடியில் வைத்து, ஒன்றை ஒன்று தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள்.

தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக நான் அந்த மேற்கு அறையின் வாசலில் நின்றேன். உள்ளே ஓர் அடி வைத்தால் அவள் செத்துப்போவாள். நான்தான் சாவைக் கொண்டுபோகிறேன். எனக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை.

"போ" என்றார் அத்தை. நான் நிலைக்கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். முதுகில் கை வைத்துத் தள்ளினார். என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "வரமாட்டேன், நான் வரமாட்டேன், என்ன விடுங்க." ஹாலில் பேச்சு நின்றுவிட்டது. அப்பா வந்து என் விரல்களைப் பிரித்தார், நான் அவர் கையைக் கடித்தேன். அப்போது அம்மாவின் குரல் கேட்டது, மிக மெதுவாக. "விட்டுருங்க. அது பயப்படுது. எனக்குத் தெரியும்."

அம்மாவுக்குத் தெரியும். மேற்கும் கூகையும் வெள்ளையும் எல்லாம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது, ஆக அது உண்மைதான். இதைவிடப் பயங்கரமான ஒன்றை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. குளியலறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினேன். பட்டன்கள் முதுகில் இருந்தன, கைக்கு எட்டவில்லை, இழுத்தேன், லேஸ் கிழிந்தது. கவுன், பூக்கிரீடம், காலுறை எல்லாவற்றையும் ஈரத்தரையில் உதறிவிட்டு, பழைய மஞ்சள் பெட்டிகோட்டோடு திரும்ப ஓடினேன். இப்போது என்மேல் வெள்ளை இல்லை. இப்போது அவளிடம் போகலாம்.

வாசலில் போய் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். பெட்டிகோட்டைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டு, மறு கையை என் பக்கம் நீட்டி, உள்ளங்கையைக் காட்டி, "கிட்ட வராத கண்ணு. போயி சட்டைய போட்டுக்கோ, குளிருது" என்றாள். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா சாகவில்லை. உங்களுக்கு இது முன்பே தோன்றியிருக்கும். ஊசியும் மாத்திரையும் வேலை செய்தன, அந்தக் காற்றும் வெயிலும் வேலை செய்தன. அடுத்த மழைக்காலத்துக்குள் எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டாள். கூகை எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை. கவுனை அத்தை தைத்துச் சரிபண்ணிக் கோயிலில் ஏதோ ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். ஆஸ்டின் டவுன் அக்கா பாஸ் பண்ணினாள், என்ன எழுதினாளோ. ஆனால் அம்மா அதற்குப் பிறகு என்னைத் தூக்கவில்லை, முத்தம் கொடுக்கவில்லை. நான் கிட்டே போனால் முந்தானை வாய்க்குப் போகும். சோறு போட்டாள், துணி தைத்தாள், காய்ச்சல் வந்தால் கண் விழித்தாள், எல்லாம் ஒரு கை தூரத்திலிருந்து. கவுனைக் கிழித்ததற்காக என்மேல் கோபம், அது தீரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. என் கல்யாணத்தன்றுகூட விரல் நுனியால்தான் சிலுவை போட்டாள்.

நான் காலேஜில் காமர்ஸ் எடுத்தேன். டெபிட் என்றால் டெபிட், அது வேறு எதையும் குறிக்காது. ரிடையர் ஆன பிறகு ஒரு லைப்ரரியில் அமெரிக்கக் கவிதைகளின் தடிப் புத்தகம் கண்ணில் பட்டது. பயந்துகொண்டேதான் எடுத்தேன். படித்தால் ஆச்சரியமாக இருந்தது. அந்தக் கவிஞர்கள் மரத்தைப் பார்த்திருக்கிறார்கள். பட்டை எப்படி உரிகிறது, காற்று அடித்தால் இலையின் அடிப்பக்கம் என்ன நிறம், குளம் உறையும்போது என்ன சத்தம் வருகிறது என்று ஆசை ஆசையாக எழுதியிருக்கிறார்கள். சாவும் வரத்தான் செய்கிறது, மரத்தோடு மரமாக. அத்தைக்கு மரத்துக்கு நேரம் இருந்ததில்லை. அவருக்குப் பரீட்சை பயம், பெண்கள் மறுபடி பெயிலாகிவிடுவார்களே என்ற பயம். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பயம் இருந்தது, யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்பாவும் அத்தையும் போய்விட்டார்கள். அம்மா இருக்கிறாள், தொண்ணூறைத் தாண்டிவிட்டாள், விவேக் நகரில் என் பிளாட்டில் என்னோடு. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள். போன மாதம் அந்தப் பெண் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்துவைத்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைக் காட்டி, சிரித்துக்கொண்டே, "இவ இருக்கறாளே, சின்னதுல எனக்கு டி.பி. வந்தப்ப என் கிட்டயே வரமாட்டா. ஒட்டிக்கும்னு பயம். நான் வெச்ச பூவ பேப்பர்ல புடிச்சு எடுத்தும்போய் போட்டா பாரு. நன்மை வாங்கின அன்னிக்கு ஒரு கூச்சல், ஊரே கூடிச்சு" என்றாள். ஏதோ பழைய தமாஷ் சொல்வதுபோல.

மாத்திரை டப்பா என் மடியிலிருந்து சரிந்தது. "அம்மா, உனக்கு டி.பி.ன்னே எனக்கு அப்ப தெரியாதும்மா" என்றேன்.

அந்தப் பெண் போகும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் இருந்த இடம் ஏன் பிடிக்கவில்லை, ஜன்னலை ஏன் மூடினேன், பூவை ஏன் போட்டேன், கவுனை ஏன் கழற்றினேன். அம்மாவுக்குக் கவிதை சமாசாரம் பிடிபடவில்லை. "அண்ணியோட காலேஜ் பாடத்துக்கா அப்பிடி பயந்த?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப என்ன தொட்டா ஒட்டிக்கும்னு பயம் இல்லியா உனக்கு?"

"இல்லம்மா. நீ செத்துடுவேன்னு பயம்."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

"நல்லானப்புறமும் உன்ன தொடறதுக்கு எனக்கு தைரியம் வரல" என்றாள். "கை வெச்சா வெடுக்குன்னு போயிடுவியோன்னு. அத நான் தாங்கியிருக்க மாட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள், "இப்பவும் நான் செத்துடுவேன்னு பயம் இருக்குதா?"

"இருக்கும்மா. தெனம் இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு" என்றாள். "இன்னா நிக்கற, வந்து படு."

அது ஒற்றைக் கட்டில். அம்மா இரண்டு கையையும் ஊன்றி, முனகிக்கொண்டே, சுவர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.